ரத்தான பதிவு எண்ணும் மறு ஒதுக்கீடும்

மூத்த மகனுக்குப் பிறக்கும் முதல் ஆண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். எங்கள் குடும்பத்தில் விதி இதுதான். உள்விதி கிடையாது, விலக்கு கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. எந்த அரசிதழிலும் வெளியாகாத விதி என்றாலும், வெளியான பல விதிகளைவிட ஒழுங்காக நடந்துவந்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒழுங்காக நடக்கும் விதி எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு என் தாத்தாவின் பெயர் வந்ததும் இந்த விதியின்படிதான். வந்ததே தவிர, வீட்டுக்குள் அது ஒரு நாளும் புழங்கவில்லை. அம்மாவுக்கு அது மாமனார் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. முதல் விதியைப் போட்டவர்கள் இரண்டாவது விதியைப் படித்துப் பார்க்கவில்லை. அரசாங்கத்திலும் இப்படி நடப்பதுண்டு. ஆகவே அம்மாவுக்கு நான் 'ராசா'. கோபம் வந்தால் 'ஏலே மூதி'. பள்ளிக்கூடத்தில்தான் முதன்முதலாக யாரோ என் பெயரை உரக்கப் படித்தார்கள். அது யாரோ என்னவோ என்று நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முதல் நாளே ஆப்சென்ட்.

பிறகு அலுவலகத்தில் 'சூப்பிரண்டு சார்', தெருவில் 'அண்ணாச்சி', மனைவிக்கு 'ஏங்க'. கல்யாணமான புதிதில் ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர், குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று அவளிடம் கேட்டிருக்கிறார். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதே, அவள் சுவரில் தொங்கிய காலண்டரைக் கையால் காட்டினாள். காலண்டரில் மேலே சாமி படம், கீழே ஜவுளிக்கடைக்காரர் பெயர். வந்தவர் ஜவுளிக்கடைக்காரர் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச காலம் அந்தப் பெயரில்தான் சீனி வாங்கினோம்.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் பெயரை வீட்டுக்குள் ஒரு தடவையாவது மனைவி வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நேராகக் கேட்டால் நடக்காது; பல தடவை கேட்டுப் பார்த்தாயிற்று. பேரன் பிறந்தால் விதி தானாக வேலை செய்யும், அவனைக் கூப்பிடவாவது அவள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தீர வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கில் விமானம் குறுக்கே வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

விமானம் மருமகளோடு வந்தது. அவள் நாங்குநேரிப் பெண். நம் தலைக்கு மேல் பறக்கும் விமானங்களில் பெரும்பாலானவை அந்தந்த விமான நிறுவனத்துக்குச் சொந்தம் கிடையாதாம். வெளிநாட்டு முதலாளிகளிடம் வாடகைக்கு எடுத்தவையாம். வாடகை தொடங்கும்போது இங்கே பதிய வேண்டும், முடியும்போது ரத்து செய்ய வேண்டும். இந்தப் பதிவுக்கும் ரத்துக்கும் காகிதம் தயார் செய்கிற ஒரு சென்னை நிறுவனத்தில் அவளுக்கு வேலை. மகன் வேலை பார்ப்பது திருநெல்வேலியில் என்பதால், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மடிக்கணினியை விரித்துவைத்து அவள் விமானம் பதிவாள்.

"அப்ப நீ பாக்கதும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைதான்" என்றேன், வந்த புதிதில்.

"ஆமா மாமா. எங்க வண்டிக்கு ஹாரன்தான் கிடையாது."

அன்றைக்கே எங்களுக்குள் ஒத்துப்போய்விட்டது. சாயங்காலக் காப்பிக்கு அவள் கீழே இறங்கி வருவாள். நாங்கள் இருவரும் நடைமுறை பேசுவோம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், உரித்துக்கொண்டு, காதில் விழாத மாதிரி எல்லாவற்றையும் கேட்பாள்.

என் பணிக்காலத்தில் பாதி, எட்டுக்குப் பயந்தவர்களோடு கழிந்தது. வண்டி எண்ணைக் கூட்டினால் எட்டு வரக் கூடாது, வந்தால் சனி. ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒருவர் வாழைத்தார் ஏற்றப் புது லாரி வாங்கினார். ஒதுக்கிய எண்ணைக் கவுண்டரில் நின்றே கூட்டினார், மறுபடி கூட்டினார், பிறகு என் மேசை முன்னால் வந்து உட்கார்ந்து, "சார், ஒண்ணே ஒண்ணு கூட்டிப் போட்டுத் தாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். கூடுதலாக ஒன்று போட்டுத் தர நான் என்ன காய்கறிக்கடையா வைத்திருக்கிறேன் என்று கேட்டதற்கு, "கடைக்காரன்னா குடுத்திருப்பானே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "உங்க விமானத்துக்கு எட்டுத் தொல்லை உண்டா?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"பதிவு எண்ணுன்னு பேருதான் மாமா. எண்ணே கிடையாது, எல்லாம் எழுத்து. முன்னால வி.டி., அது நாட்டுக்கு. பின்னால மூணு எழுத்து, அது வண்டிக்கு."

வி.டி. என்பது 'வைஸ்ராய்ஸ் டெரிட்டரி', அதாவது வைஸ்ராய் ஆண்ட நிலம் என்பதன் சுருக்கம் என்று நான் எங்கேயோ படித்திருந்ததை எடுத்துவிட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. அது பின்னால கட்டின கதை. ரேடியோவுல கூப்பிடுததுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் எழுத்தைப் பங்கு வச்சப்ப, இந்த 'வி' வெள்ளக்காரன் பங்குல வந்துச்சு. அவன் தனக்குக் கீழ உள்ளவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தான். நமக்கு வி.டி."

"அவன் போனப்புறம் மாத்திருக்கலாம்லா?"

"கேட்டுப் பாத்தாங்க. நமக்குப் பிடிச்ச எழுத்தெல்லாம் வேற நாட்டுக்காரங்க எடுத்தாச்சு."

கடைசிப் பந்திக்குப் போனால் இலையில் என்ன இருக்குமோ அதுதான் கிடைக்கும்.

மூன்று எழுத்திலும் எல்லாம் கிடைக்காதாம். முதல் எழுத்தாகக் 'கியூ' வராது. கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துகளை ரேடியோக்காரர்கள் தங்களுக்குள் சங்கேதமாக வைத்திருக்கிறார்கள். எஸ்.ஓ.எஸ். கொடுக்க மாட்டார்கள். 'பான்' என்று வரும் எழுத்துகளையும் கொடுக்க மாட்டார்கள். அதுவும் ஆபத்துக் குரல். உள்ளி உரித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"நல்லதாப் போச்சு. ஆபத்தையே பேரா வச்சுக்கிட்டா, சும்மா கூப்பிடுதாங்களா, ஆபத்துக்குக் கூப்பிடுதாங்களான்னு எப்பிடித் தெரியும்?"

உலக நாடுகள் கூடிப் பிற்சேர்க்கையாக எழுதிவைத்திருப்பதை அவள் ஒரு உள்ளி உரிக்கும் நேரத்தில் முடித்துவிட்டாள்.

மற்றபடி வரிசைப்படி ஒதுக்குவதுதான் முறை. ஆனால் கட்டணம் கட்டினால், யாரும் எடுக்காத எழுத்தாக இருந்தால், கேட்டது கிடைக்கும். விமான நிறுவனங்கள் தங்கள் பெயரின் முதலெழுத்து வருகிற மாதிரி கேட்டு வாங்குவதுண்டு. "ஃபேன்சி நம்பர்" என்றேன். "அதேதான் மாமா" என்றாள். எனக்கு ஆகாயத்தின் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது, பாசம் கூடியது.

நாங்கள் மோதிக்கொண்டது ஒரே ஒரு இடத்தில்தான். ஒரு வண்டிக்குக் கொடுத்த எண்ணை இன்னொரு வண்டிக்குக் கொடுக்கக் கூடாது, வண்டி செத்தால் எண்ணும் சாக வேண்டும் என்பது நான் வேலை பார்த்த காலத்து முறை. அவள் உலகத்தில் எழுத்து சாவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது, அணைக்கட்டில் தண்ணீர் வழிகிறது என்று வண்டியை நிறுத்தினோம். ஆற்றுக்கு மேலே, மிக உயரத்தில், ஒரு விமானம் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு தெற்கே போனது. மருமகள் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். அதில் எந்த விமானம் எங்கே போகிறது என்று தெரியுமாம்.

"இது நம்ம ஊரு வண்டிதான் அத்தை. இதுக்கு முந்தி வேற நாட்டுல, வேற எழுத்துல ஓடுனது. வாடகை முடிஞ்சதும் அங்க ரத்து பண்ணி, உடம்புல எழுதினதை அழிச்சு, இங்க வி.டி. எழுதியாச்சு."

"அப்ப அது அதே விமானம்தான்னு எப்பிடித் தெரியும்?" என்றாள் மனைவி.

"தொழிற்சாலையில போட்ட வரிசை எண் ஒண்ணு உண்டு. அது கடைசி வரைக்கும் மாறாது."

"சேஸிஸ் நம்பர்" என்று நான் மொழிபெயர்த்தேன். லாரிச் சட்டத்தில் பென்சிலால் தேய்த்தெடுத்த தாளில் முப்பது வருஷம் நான் சரிபார்த்த எண்.

"அந்த நாட்டுல அழிச்ச எழுத்து என்ன ஆவும்?"

"சும்மா கெடக்கும். சில நாட்டுல ஒருக்கா குடுத்ததைத் திரும்பக் குடுக்கவே மாட்டாங்க. சில நாட்டுல கொஞ்ச காலம் ஆறப் போட்டு இன்னொண்ணுக்குக் குடுப்பாங்க. நம்ம நாட்டுலயும் குடுத்திருக்காங்க. வெள்ளக்காரன் காலத்துல, ரெக்கைக்குத் துணி கட்டின சின்ன விமானத்துக்கு இருந்த எழுத்து இப்ப நூத்துக்கணக்கான ஆளு போற விமானத்துல இருக்கு."

மனைவி வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "கெட்டது நடந்த விமானம் உண்டும்லா, அதோட எழுத்தையும் குடுப்பாங்களா?"

"அதை யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க அத்தை."

"விதியா?" என்றேன் நான்.

"விதியோ என்னமோ. மனசு கேக்காதுல்லா மாமா."

துணி இறக்கை விமானத்தின் எழுத்து பெரிய விமானத்துக்கு வந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தாத்தாவின் பெயர் பேரனுக்கு வருவதை ஆகாயத்திலும் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. மருமகள் அப்போது முழுகாமல் இருந்தாள். இதை அன்றைக்கே சொல்லி வைத்திருக்கலாம். சொல்லவில்லை, குழந்தை பெண்ணாக இருந்தால் விதியே பொருந்தாது என்று பொறுத்திருந்தேன்.

வைகாசியில் நாங்குநேரியில் பேரன் பிறந்தான். பார்த்துவிட்டு வந்த அன்று மனைவி சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் சொல்கிற மாதிரி, "பேரு பிரச்சினை இல்ல. நம்ம வழக்கப்படி வச்சிர வேண்டியதுதான்" என்றேன்.

"வைக்கது பெரிசில்ல. வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடணும்லா."

"கூப்பிடு."

"என் வாயால, உங்க பேரைச் சொல்லியா? சரி, கொஞ்சுததுக்கு வேற என்னமும் சொல்லிக்கிடலாம். ஏசணும்னா? உங்க பேரைச் சொல்லி 'ஏலே மூதி'ன்னு நான் ஏசினா தெருவுல என்ன நெனைப்பாங்க?"

"இவ்வளவு நாளும் பேரைச் சொல்லாம ஏசிட்டுத்தான இருக்க?"

"அது வேற" என்றாள். துணியை முறுக்கிப் பாலைப் பிழிந்தாள். விசாரணை முடிந்தது.

வாய்ப் பேச்சில் அவளிடம் நான் எந்த விஷயத்திலும் ஜெயித்ததில்லை. எழுத்தில் எனக்குப் பயிற்சி உண்டு. ஆனி பிறந்ததும் ஒரு முழுத்தாளில் மனு எழுதினேன். பொருள்: பெயர் ஒதுக்கீடு கோருதல். பார்வை: குடும்ப வழக்கம். நகல்: மகனுக்கும் மருமகளுக்கும். மூலத்தை மனைவியின் முன்னால் வைத்தேன். அவள் கண்ணாடி போட்டு முழுவதும் படித்தாள், மடிக்காமல் மேசையில் வைத்தாள், அதன் மேல் காப்பி டம்ளரை வைத்தாள். எடுத்தபோது வட்டமாக ஒரு கறை விழுந்திருந்தது. பெற்றுக்கொண்டதற்கான முத்திரை என்று வைத்துக்கொண்டேன்.

மகன் கைப்பேசியில் ஒரு கட்டைவிரலை அனுப்பினான். நாங்குநேரியிலிருந்து மருமகள் முறைப்படி எழுதினாள்: தங்கள் மனு கிடைத்தது, கோரிய பெயர் வேறு எவருக்கும் ஒதுக்காமல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, இறுதி முடிவு உரிய அதிகாரியைச் சார்ந்தது. உரிய அதிகாரி பதில் சொல்லவே இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதில் பின்பக்கம் மளிகைச் சாமான் எழுதிக் கடைக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆவணியில் மருமகள் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். மறுநாள் சாயங்காலமே வழக்கு மேசைக்கு வந்தது. மனைவி தயாராக இருந்தாள்.

"ஒரே நம்பர்ல ரெண்டு லாரி ஓடுனதை நீங்க கங்கைகொண்டான் பக்கத்துல பிடிச்ச கதையை இந்த வீட்டுல எத்தன தடவை சொல்லியிருக்கிய?"

"அது குத்தம். ஒண்ணு கள்ள நம்பர்."

"இது மட்டும் என்னவாம்? பழசு இன்னும் ஓடிக்கிட்டுத்தான இருக்கு? வேளாவேளைக்குக் காப்பி குடிக்கு, பேப்பர் படிக்கு, மனு எழுதுது. அதே நம்பரைப் புதுசுக்கும் குடுன்னா எப்பிடி? உங்களைக் கூப்பிட்டா அவன் வருவான், அவனைக் கூப்பிட்டா நீங்க வருவிய."

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே, கொஞ்சம்கூடத் தயங்காமல் எதிர்க்கட்சிக்குப் போனாள்.

"அத்தை சொல்லுததுதான் மாமா சரி. ஒரே நேரத்துல ரெண்டு விமானத்துக்கு ஒரே எழுத்து இருக்கக் கூடாது. பழசை ரத்து பண்ணினாத்தான் புதுசுக்குக் குடுக்க முடியும்."

"ரத்துன்னா? ஆளையேவா?"

"சே, ஆளை இல்ல. ஆளு அப்படியே ஓடலாம். எழுத்தை மட்டும். சொந்தக்காரர் எழுதிக் குடுக்கணும், பாக்கி எதுவும் இருக்கக் கூடாது, உடம்புல எழுதினதை அழிக்கணும். அப்புறம் விமானத்துக்குள்ள, வாசல்கிட்ட, தீயில எரியாத தகடு ஒண்ணு உண்டு. அதுல எழுத்தை வெட்டி வச்சிருப்பாங்க. அதையும் கழத்தணும்."

மூவரும் ஒரே சமயத்தில் வாசலைப் பார்த்தோம். வெளிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் என் பெயர் பொறித்த பித்தளைப் பலகை இருந்தது. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்தது. பெயருக்குக் கீழே 'கண்காணிப்பாளர், ஓய்வு' என்று சின்ன எழுத்தில் இருக்கும். நான் வாரம் ஒரு தடவை புளி போட்டுத் துலக்குவேன். அந்த வீட்டில் என் பெயர் இருந்த ஒரே இடம் அதுதான்.

மனைவி சிரித்தாள். அவளுக்குத் தெரியும், நான் கழற்ற மாட்டேன் என்று.

உள்ளே போய் ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்தேன். ஆணிகள் துருவேறிப் போயிருந்தன. தேங்காய் எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, ஒவ்வொன்றாகத் திருகினேன். மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டு வாசல் வரைக்கும் வந்தாள். நாலாவது ஆணி வரும்போது, "பைய, பைய. சுவத்தைப் பேத்துராதிய" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. பலகை கையோடு வந்தது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாக, நீள்சதுரமாகத் தெரிந்தது.

"ரத்து பூர்த்தி" என்றாள் மருமகள்.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். நானும் அவரும் ஒருவரையொருவர் திருத்தித் திருத்தியே நண்பர்கள் ஆனவர்கள். மறுநாள் காலை கேட்டில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "என்னவே, வீட்டை வித்துட்டீரா?"

"பேரை மாத்திக் குடுத்தாச்சு."

"யாருக்குவே?"

"இன்னும் பல்லு முளைக்காத ஆளுக்கு."

"உமக்குத்தான் பல்லு போய்க்கிட்டு இருக்கு. சரியாத்தான் இருக்கு."

அவர் நம்பினார். மற்றவர்கள் நம்பவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு வீட்டுத் தரகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "அண்ணாச்சி, பார்ட்டி கையில இருக்கு. கிழக்குப் பாத்த வாசல்தான? கெணறு உண்டா?" விற்பனைக்கு இல்லை என்றதும், "எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்று அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தபால்காரர் மட்டும், "பலகை இல்லாட்டி என்ன, உங்களை எனக்குத் தெரியாதா?" என்றார். சேஸிஸ் எண் பார்த்துப் பட்டுவாடா செய்கிறவர் அவர் ஒருவர்தான்.

பெயர் சூட்டுவதற்கு ஆவணியிலேயே நாள் பார்த்தோம். குழந்தையின் காதில் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். நாங்குநேரியிலிருந்து வந்த சம்பந்தி கணீரென்று சொன்னார். தெரு முனை வரை கேட்டது. மனைவி முறை வந்தது. முந்தானையைத் தலையோடு இழுத்துக் குழந்தையையும் தன் முகத்தையும் மூடிக்கொண்டாள். உதடு அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. நிமிர்ந்து, "சொல்லியாச்சு" என்றாள்.

"என்ன சொன்ன?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னேன்."

ஒரே சாட்சி தொட்டிலில் கிடந்து கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான். அவனைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை.

மாநகராட்சியில் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியது. சட்டப்படி ஒதுக்கீடு முடிந்தது. ஆனால் வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை. மகனுக்கு அது அப்பா பெயர், "அப்பா பேரைச் சொல்லி ஏலே வாலேங்கவா?" என்று கேட்டுவிட்டு 'தம்பி' என்றான். மருமகள் தலைமுறையில் மாமனார் பெயரைச் சொல்வதற்குத் தடை ஒன்றும் இல்லை. வேலையில் எத்தனையோ பேர்களின் பெயரைச் சொல்லித்தான் அவளுக்குப் பிழைப்பு. இருந்தும் 'சின்னவரு' என்றாள். "அத்தை சொல்லாம நான் முந்தக் கூடாதுல்லா மாமா" என்றாள் என்னிடம் தனியாக. மனைவிக்கு அவன் 'தங்கம்', 'ஐயா', 'கள்ளப்பய'. எதிர்வீட்டுத் தலைமையாசிரியர், தெருவில் வைத்து அவனை வேண்டுமென்றே 'சூப்பிரண்டு' என்றார்.

ஆக, நான் கொடுத்த பெயர் என்னிடமும் இல்லை, அவனிடமும் இல்லை. "பெயிண்ட் அடிச்சாச்சு மாமா. டவர்ல இருந்துதான் இன்னும் கூப்பிடல" என்றாள் மருமகள். பலகையைப் பழைய துண்டில் சுற்றிப் பரணில் வைத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு நாள் புளி எடுக்கக் கை போகும், திரும்பி வரும். ஒரு தடவை மனைவி அதைப் பார்த்துவிட்டாள். "வேணும்னா திருப்பி மாட்டிக்கோங்க" என்றாள். "ரத்தானது ரத்தானதுதான்" என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

புரட்டாசி போயிற்று, ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் கொட்டித் தீர்த்தன. மார்கழியில் பையன் தவழத் தொடங்கினான். பொங்கல் கழிந்ததும், எதைக் கண்டாலும் அதை நோக்கித் தவழ்வது என்று முடிவெடுத்துவிட்டான். காகம், செருப்பு, தண்ணீர் வாளி, எதற்கும் பேதம் இல்லை.

ஒரு நாள் காலை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வெளிக் கதவைச் சாத்தாமல் போய்விட்டார். நான் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மருமகளும் மாடியில்தான், அறைக்குள் ஏதோ ஒரு விமானத்தை ரத்து செய்துகொண்டிருந்தாள். கீழே மனைவி கொல்லைப் பக்கம் பாத்திரம் துலக்கிவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். விரித்த பாயில் பையனைக் காணோம். வாசலைப் பார்த்தால், அவன் வெளிக் கதவைத் தாண்டுவதற்கு இன்னும் இரண்டு எட்டுதான் பாக்கி. தெருவில் ஒரு பால் வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

என் பெயர். முழுப் பெயர். முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒன்றையும் விழுங்காமல், வீடு, மாடி, தெரு, பால் வண்டி எல்லாம் கேட்க. அதன் வாலில், எந்தத் தயக்கமும் இல்லாமல், "ஏலே மூதி, நில்லுலே அங்கன!"

"இந்தா வாரேன்" என்று நான் மாடியிலிருந்து கத்தினேன். கையிலிருந்த தொட்டி மூடியோடு படியில் பாதி இறங்கிவிட்டேன்.

கீழே வந்து பார்த்தால், பையன் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டிருந்தான். உட்கார்ந்து, முழு உடம்பையும் திருப்பி, கூப்பிட்டவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மனைவி ஓடிப் போய் அவனை அள்ளினாள். பால் வண்டி தன் பாட்டில் திரும்பிப் போய்விட்டது.

எனக்கு ஒன்று உறைக்க நேரமாயிற்று. கேட்டுப் பழகாத பெயருக்குக் குழந்தை திரும்பாது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் நானே திரும்பவில்லை. இவன் திரும்பினான் என்றால், யாரோ இவனிடம் அந்தப் பெயரைத் தினமும் சொல்லியிருக்க வேண்டும். குளிப்பாட்டும்போது, தூங்க வைக்கும்போது, மற்றவர்கள் காதில் விழாமல். மருமகள் மாடிப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு முன்னமே தெரியும் போலிருந்தது.

மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு, பையனை இடுப்பில் ஏற்றியபடி என்னைப் பார்த்தாள். நான் இன்னும் தொட்டி மூடியைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"நீங்க எதுக்கு ஓடி வாரிய?"

"கூப்பிட்டியே."

"உங்களை யாரு கூப்பிட்டா? நீங்கதான் ரத்தாயாச்சே" என்றாள். முகம் சிவந்து போயிருந்தது. பையனை அணைத்தபடி உள்ளே போனவள், நடையில் நின்று, திரும்பாமலே இன்னொரு தடவை அந்தப் பெயரைச் சொன்னாள். இந்தத் தடவை மெதுவாக. பையன் அவள் தோளில் தலை சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தான். யாரைக் கூப்பிட்டாள் என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

மனு கொடுத்தது ஆனியில். பதில் வந்தது தை மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை.